திரும்பி நிற்கும் யாளியும் உட்காராத காவலரும்

“தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே தூணைத் தொடுவார். எங்கே தொடக்கூடாது என்று காட்ட வேண்டுமே. யாளியின் பிடரிச் சுருள், யாளியின் முழங்கால், அதன் காலடியில் துதிக்கையைத் தூக்கியபடி நசுங்கும் குட்டி யானை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, “இங்க தொடக்கூடாது. இங்க தொடக்கூடாது. இங்க தொடவே கூடாது” என்பார். பிறகு கைக்குட்டையை எடுத்து, வந்தவர்களின் கைரேகைகளைத் துடைப்பார். நான்காம் தூணில் யாளியின் வலது முழங்கால் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னுகிறது. பார்வையாளர்கள் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டுத் தேய்த்தது என்கிறது அருங்காட்சியகத்தின் பராமரிப்பு அறிக்கை. நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பளபளப்பின் அகலம் ஒரு கட்டைவிரல். எல்லாம் ஒரே கட்டைவிரல்.

அவர் மண்டபக் காவலர். நீலச் சட்டை, தொப்பி, சொந்தக் காசில் வாங்கிய டார்ச், இடுப்பு வளையத்தில் பதினான்கு சாவிகள். மண்டபத்துக்குக் கதவு கிடையாது. சாவி எதற்கு என்று கேட்டதற்கு, “சத்தத்துக்கு” என்றார்.

அவர் காப்பது ஒரு தென்னாட்டுக் கோயிலின் முன்மண்டபம். அணை கட்டியபோது நீரில் மூழ்கவிருந்ததைக் கல் கல்லாகக் கழற்றி, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து ஒரு பெரிய கூடத்துக்குள் மறுபடி நிறுத்தினார்கள். பதினாறு தூண்கள், வரிசைக்கு எட்டு. ஒவ்வொரு தூணிலும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒரு யாளி. சிங்க உடல், பிதுங்கிய கண், திறந்த வாய். வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பல்லைச் செதுக்கும்போதே உருண்டையையும் உள்ளே செதுக்கியிருக்கிறார்கள். இந்த உண்மையே போதுமான அதிசயம். நம்மவருக்கு அது போதாது.

சக ஊழியர்கள் அவரைத் ‘தலபுராணம்’ என்று கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார், தலபுராணம் என்றால் திரும்புவார். கூடத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வரலாறு உண்டு. தீயணைப்புக் கருவி தொங்கும் இடத்தைக் காட்டி, “அக்கினி மூலை பாத்தீங்களா சார், அந்தக் காலத்துலயே இதுக்குன்னு இடம் விட்டிருக்காங்க” என்பார். சார் தலையாட்டுவார்.

கூடத்து ஏ.சி. ஒழுகி, ஒரு பழைய கல்தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அது வற்றாத ஊற்று ஆயிற்று. அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டவர்கள் உண்டு. புட்டியில் பிடித்துப் போனவர்களும் உண்டு. மூன்று வருடம் கழித்து மின்பிரிவு விழித்துக்கொண்டு குழாயை மாற்றியது. இரண்டு நாள் அவர் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அது வற்றிப்போன ஊற்று. ஏன் வற்றியது என்பதற்கு ஒரு பாவம், ஒரு சாபம், ஒரு பேராசைக்காரர். வற்றிய ஊற்றுக்குக் கூட்டம் முன்னைவிட அதிகம்.

காப்பாட்சியர், அதாவது அந்தப் பிரிவுக்குத் தலைவர், இதையெல்லாம் ஒடுக்க ஒரு சுற்றறிக்கை விட்டார். கல் பற்றிக் கேள்வி கேட்டால் காவலர்கள் ‘தெரியாது’ என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும். நம்மவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யாராவது கேள்வி கேட்டால் எடுத்து, விரித்து, உரக்க வாசிப்பார். “தெரியாதுன்னு சொல்லணும்னு உத்தரவு சார். அதனால எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்கங்க. இப்பக் கேளுங்க.”

அடுத்து ஒலிக்கருவி வந்தது. காதில் மாட்டிக்கொண்டால் காப்பாட்சியரின் சொந்தக் குரலில் ‘இம்மண்டபமானது’ என்று தொடங்கும். இரண்டாம் தூணுக்கு வருவதற்குள் ஆட்கள் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவர் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மிச்சம் நாற்பது கருவிகள் அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏறிக்கொண்டே இருக்கின்றன.

காவலருக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் சாப்பாட்டுப் பையும், மழைக்காலத்தில் குடையும் இருக்கும். தேய்ந்த நாற்காலிகளை மாற்ற வந்தவர்கள் இவருடையதைப் பார்த்துவிட்டு, புதிது என்று நினைத்து வேறு கூடத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். இரண்டு முறை. ஏன் உட்காருவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“உக்காந்துக்கிட்டு சொன்னா பொய் மாதிரி இருக்கும், பாப்பா.”

எனக்கு வயது நாற்பது. கட்டமைப்புப் பொறியாளர். பாலங்கள் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. அவருக்கு நான் பாப்பாதான். அம்மா அந்த அருங்காட்சியகத்தில் வரைவாளராக இருந்தாள். மண்டபத்தின் ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைந்து எண் போட்டவள் அவள். அவர் அவளை டிராயிங் அம்மா என்பார்.

அம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. சரியாகச் சொன்னால், அவர் சொல்லும் எண்கள் பிடிக்காது. வரைபடச் சுருளோடு மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் திருத்துவாள். நிற்கமாட்டாள், திரும்பிப் பார்க்கவும் மாட்டாள்.

“இந்தத் தூணு உசரம் இருபது அடிங்க!”

“பதினொண்ணே கால்.”

“எடை இருபத்தஞ்சு டன்!”

“மூணேகால்.”

“நூறு சிற்பிங்க, நூறு வருஷம்!”

“தெரியாது.”

“பாத்தீங்களா, டிராயிங் அம்மாவுக்கே தெரியாது!”

இது முன்கூட்டியே ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டிய பார்வையாளர்கள் இருந்திருக்கிறார்கள்.

அவருடைய பெரும் சரக்கு பதினோராம் தூண். மற்ற பதினைந்து யாளிகளும் நடைபாதையைப் பார்த்து நிற்கின்றன. பதினோராவது மட்டும் சுவரைப் பார்த்து நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அடி. நம் கண்ணுக்குத் தெரிவது தூணின் வெறும் முதுகு. அந்த முதுகை வைத்து அவர் இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்.

புதுமணத் தம்பதிகள் வந்தால், எதிர்வரிசை யாளி அதன் சம்சாரம், ஏதோ பேச்சு வந்து கோபித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால், அது வீட்டுப்பாடம் எழுதாத யாளி. அரசு அலுவலர்கள் வந்தால், அது மனுவை வாங்க மறுத்த யாளி. கழுத்தில் கேமராவும் முகத்தில் அறிவும் தொங்க வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்துவார். “தலைமைச் சிற்பிக்குக் கூலி விஷயத்துல ஒரு மனவருத்தம். வெளிய சொல்லாதீங்க.” அவர்கள்தான் முதலில் வெளியே சொல்வார்கள்.

கதை எப்படிப் பெரிதானது என்பது தனி வேடிக்கை. அருங்காட்சியகத்தின் கையேடு இரண்டாம் பதிப்பில், ‘இவ்யாளி சினந்து திரும்பியதாகத் தொன்றுதொட்டு வழங்கும் செவிவழிச் செய்தி’ என்று அச்சாகிவிட்டது. அப்போது அந்தத் தொன்மைக்கு வயது எட்டு மாதம். பிறகு ஓர் ஆய்வாளர் ‘எதிர்முக யாளி: ஒரு குறியீட்டியல் நோக்கு’ என்று எழுதி முனைவர் பட்டம் வாங்கினார். நன்றியுரையில் நம்மவர் ‘தகவலாளி’. பட்டம் வாங்கிய பிறகு ஒருநாள் முனைவர் மண்டபத்துக்கு வந்து, அந்த யாளி ஏன் திரும்பியிருக்கிறது என்று அவருக்கே அரைமணி நேரம் விளக்கினார். நம்மவர் கைகட்டி நின்று கேட்டார். “நல்லா சொன்னீங்க டாக்டர். எனக்கே இப்பத்தான் புரியுது.”

ஒன்றை மட்டும் நான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை. அடியையும் டன்னையும் விடாமல் திருத்திய அம்மா, பதினோராம் தூணின் கதையைத் திருத்தியதே இல்லை. அதைக் கேட்டால் நடையை மட்டும் கூட்டுவாள்.

அம்மா இறந்து ஏழு வாரம் ஆகிறது. மூன்றாம் நாள் அவர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். மனைவி தைத்த துணிகளை அளவுக்குப் பிடித்துக் கொடுக்கும், பிரித்துக் கொடுக்கும் தையற்காரர். மனைவி உட்கார்ந்தார். இவர் இரண்டு மணி நேரம் அலமாரி ஓரமாக நின்றார். நாற்காலியை நகர்த்திப் போட்டேன். “பழக்கமில்ல பாப்பா” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

“வீட்டுலயும் இப்படித்தாம்மா, வாயே திறக்கமாட்டாரு” என்றார் மனைவி. “எப்பவாச்சும் மழை வருதுன்னு சொன்னா, நான் ஜன்னல்ல கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் துணி எடுப்பேன்.”

அம்மாவின் வரைபடங்கள் வீட்டில் ஒரு தகரக் குழாயில் இருந்தன. அலுவலகத்தில் இருந்த பிரதிகள் அந்த வற்றாத ஊற்று சுவர்வழி கசிந்து ஊறிப்போனதால், கூடங்களுக்கெல்லாம் புதிய விளக்கப்பலகை வைக்கும் குழு வீட்டுப் பிரதிகளைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழாயைத் திறந்தேன்.

நிறுத்தும் திசையைக் குறிக்கத் தூணுக்கு ஒரு தனித்தாள். தாளில் தூணின் எண், யாளியின் முகம் எந்தப் பக்கம் என்று காட்டும் ஓர் அம்பு, அவ்வளவுதான். டிரேசிங் காகிதம். அதற்கு முன் பின் கிடையாது, புரட்டிப் போட்டாலும் கோடு தெரியும். பன்னிரண்டாம் தாளைப் புரட்டினால் எண் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பதினொன்றைப் புரட்டினால் பதினொன்றுதான். அம்மா ஒன்றை வெறும் நேர்கோடாகப் போடுவாள். பதினாறு தாள்களில் ஒன்று, எட்டு, பதினொன்று ஆகிய மூன்றுக்கு மட்டுமே இந்த ஆபத்து. அம்மா பதினோராம் தாளைப் புரண்டபடியே வைத்துப் பார்த்து, தரைக்கல்லில் அம்பைத் தீட்டியிருக்கிறாள். மறுநாள் விடுப்பு. என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வந்திருந்தாள். கொத்தர்கள் அம்பு சொன்னபடி நிறுத்தினார்கள். அவள் திரும்பி வருவதற்குள் உத்தரமும் கூரைக்கல்லும் மேலே ஏறிவிட்டன. இனி ஒரு தூணைத் திருப்ப, பாதி மண்டபத்தைக் கழற்ற வேண்டும்.

தாளின் ஓரத்தில் பென்சிலில் இருந்தது: ‘புரண்ட தாள். என் தவறு.’ தேதி, கையெழுத்து.

குழாயோடு போனேன். மண்டப வாசலில் அவர் என்னைப் பார்க்குமுன் குழாயைப் பார்த்தார்.

“பதினொண்ணு உள்ள இருக்கா?”

“இருக்கு.”

“எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

டார்ச்சை நீட்டினார். பக்கவாட்டில் நுழைந்து, பதினோராம் யாளிக்கும் சுவருக்கும் இடையில் நின்றேன். வாய்க்குள் உருண்டை இருந்தது. உருண்டையை விழுங்கிவிட்ட யாளி என்று அவர் சொல்வதுண்டு. கீழே தரைக்கல்லில் கறுப்பு வண்ணத்தில் இரண்டு நேர்கோடுகள், ஓர் அம்பு. ஒட்டடை மூடாமல் சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.

“திறப்பு விழாவுக்கு வந்த பெரியவரு கேட்டுட்டாரு” என்றார் அவர், தூணின் மறுபக்கத்திலிருந்து. “‘ஏன்யா இது மட்டும் திரும்பியிருக்கு?’ன்னு. எல்லாரும் டிராயிங் அம்மாவைப் பாக்குறாங்க. அவங்க மொகம் காகிதம் மாதிரி ஆயிடுச்சு. நான் வேலைக்குச் சேந்து ஆறாவது நாள். வாய் தானாத் தொறந்துக்கிச்சு. ‘கோவிச்சுக்கிச்சுங்க’ன்னேன். பெரியவரு சிரிச்சாரு. அவரு சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. அன்னையிலருந்து நிக்கிறேன்.”

“அம்மா இதைக் குடுக்கவே இல்லையா?”

“நாலு தடவ இதே குழாயத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் பக்கம் கிளம்பினாங்க. நாலு தடவையும் இந்த எடத்துல மறிச்சேன்.”

“அம்மாவுக்காகவா?”

“அப்படிச் சொன்னா நல்லாத்தான் இருக்கும். நல்ல கதையா வரும். ஆனா எனக்காகத்தான் பாப்பா. இது நேரா நின்னிருந்தா நான் யாரு? அந்த நாற்காலி பக்கத்துல நிக்கிற இன்னொரு நாற்காலி.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘பொய்’ன்னாங்க. ‘ஆமா’ன்னேன். ‘நகருங்க’ன்னாங்க. ‘மாட்டேன்’னேன். அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சு.”

வெளியே வந்து டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“அந்தத் தாளக் குடுக்காத பாப்பா. அவங்க பேரு கெட்டுடும்.”

“அவங்க பேரே இங்க எங்கயும் இல்லையே, கெட்டுப்போறதுக்கு.”

அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு வழியை விட்டு நகர்ந்தார்.

காப்பாட்சியரிடம் நிபந்தனை போட்டேன். வரைபடங்கள் எல்லாவற்றையும் தருகிறேன், பதினொன்றையும் சேர்த்து. பிழையை ஒளித்தால் அது வரைபடம் அல்ல என்று எனக்குச் சொல்லித்தந்தவளே அம்மாதான். பதிலுக்கு, வரைந்தவர் பெயர் பலகையில் வர வேண்டும்.

“வரைவாளர் பெயர் போடற வழக்கம் நம்மகிட்ட இல்லைங்களே மேடம்.”

“அப்ப வரைபடமும் இல்லை.”

“குழுவுல வைக்கிறேன்.”

குழு மூன்று முறை கூடியது. ஐந்து உறுப்பினர்கள். பலகை சென்ற வியாழக்கிழமை வந்தது. ஆள் உயர எஃகுத் தாங்கி. சரியாகப் பதினோராம் தூணின் முதுகருகே, நடைபாதையைப் பார்க்க நட்டிருந்தார்கள். முதல் வரி பெரிய எழுத்தில்: ‘மண்டப வரைபடம்’, பக்கத்தில் முதலெழுத்தோடு அம்மாவின் முழுப் பெயர். சொன்னபடி செய்துவிட்டார்கள். ஒரு சாண் கீழே: ‘எண் 11 தூணின் திசை மாறியிருப்பது மேற்படி வரைவாளரின் பிழையால் நேர்ந்ததாகும். இத்தூண் குறித்து வழங்கும் கதைகளுக்கு ஆதாரம் ஏதுமில்லை.’ அதற்கும் கீழே, பொடி எழுத்தில், சரிபார்த்த ஐந்து பேரின் பெயர்கள், பட்டங்களோடு.

மற்ற பதினைந்து தூண்களும் அவள் வரைந்தபடியே நேராக நிற்கின்றன என்று அதில் இல்லை.

கைப்பையில் அளவு நாடா இருந்தது. பலகையை அளந்தேன். முதல் வரி தரையிலிருந்து நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். மற்ற வரிகள் நூற்று முப்பதுக்குக் கீழே. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இரண்டாம் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. ஊற்று வற்றியதற்கே கதை செய்தவர், பலகைக்கும் ஒன்று வைத்திருப்பார் என்று காத்திருந்தேன். சுற்றுலா வண்டி ஒன்று வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள். முன்னால் குடையோடு வந்த ஓர் அம்மாள் நேராகப் பதினோராம் தூணுக்கு வந்தார்.

“ஏங்க, இது மட்டும் ஏன் அந்தப் பக்கம் பாக்குது? ஏதோ கதை இருக்காமே?”

ஒலிக்கருவிகள் முப்பதும் கழுத்துக்கு இறங்கின. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் போய் நாற்காலியின் மேலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலியைத் தூக்கி வந்தார். சாவிகள் சத்தம் போட்டன. பலகைக்கு முதுகு காட்டி, அதை ஒட்டினாற்போல நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தார்.

“தெரியாதுங்க” என்றார்.

குடைக்கார அம்மாள் பலகையை வாசிக்கக் கழுத்தை வலப்பக்கம் சாய்த்தார். அவர் நாற்காலியோடு இரண்டு விரற்கடை அந்தப் பக்கம் நகர்ந்தார், தொப்பியைச் சரிசெய்து நிமிர்ந்தார். தொப்பிக்கு மேலே ஒரே ஒரு வரி தெரிந்தது.